641 செய்த வேலை

2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297. வாய்விட்டுச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பார்வைக்கு அப்பிராணியான இந்த எண்தான் பியேர் தெ ஃபெர்மாவைக் கவிழ்த்தது.

துலூஸ் நகர நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தபடியே கணக்குப் போட்டவர் ஃபெர்மா. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், வருவதோடு ஒன்றைக் கூட்டினார். 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். ஆறாவதான 4294967297-உம் அதற்கு மேல் வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று 1640 முதல் நண்பர்களுக்கு எழுதிவந்தார். நிரூபணம் கைவசமில்லை என்பதையும் மறைக்கவில்லை.

1729-இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் இந்த விஷயத்தைச் சக கணிதவியலாளர் ஆய்லரின் காதில் போட்டுவைத்தார். 1732-இல், 25 வயதில், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த ஆய்லர் எண்ணை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்ப்பதென்றால் 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்லர் அந்த வழியில் போகவில்லை. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பதைப் பின்னாளில் விளக்கினார். அப்படிச் சலித்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டாயிற்று!

641 வகுக்கும் என்பதைப் பெரிய எண்ணைத் தொடாமலே சரிபார்க்கலாம். 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு. எனவே 641-ஆல் வகுத்து மீதி பார்க்கும் கணக்கில் 640-க்குப் பதில் −1 என்று போடலாம். 640 என்பது 5-ஐ 2-இன் 7ஆம் அடுக்கால் பெருக்கியது. இதன் நான்காம் அடுக்கை எடுத்தால் 625-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். மறுபக்கம் −1 போய் 1 ஆகிவிடும். 641 என்பது 625-உம் 16-உம் சேர்ந்தது. ஆகவே 625 இருக்கும் இடத்தில் −16 வைக்கலாம். 16 என்பது 2-இன் 4ஆம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்து 32. ஆக, 2-இன் 32ஆம் அடுக்குக்கு −1 என்றாகிறது. ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். நாலு வரிக் கணக்கு!

ஆய்லர் சலித்த சல்லடைக்கு அடிப்படை, அதே 1640-இல் ஃபெர்மாவே எழுதிய தேற்றம். சொந்தக் கருவியைச் சொந்த எண்ணின் மேல் அவர் பிரயோகிக்காமலா இருந்திருப்பார்? செய்து பார்த்து எங்கோ பெருக்கலில் சறுக்கியிருப்பார் என்பது என் ஊகம்.

இரண்டு எண் பின்னால் போனால் 4294967295. ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் சரியாக இதுதான் வரும். 1796-இல் கணிதவியலாளர் காஸ் 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என்று காட்டிய வழியில், இத்தனை பக்கங்கள் கொண்டதையும் கொள்கையளவில் வரைந்துவிடலாம். ஒற்றைப்படைப் பக்கங்களில் நாம் அறிந்த உச்சம் அது. வரைய யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அந்த வரிசையில் 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இதுவரை சிக்கவில்லை. அடுத்து வரும் 28 எண்களும் உடைபடக்கூடியவை என்று நிரூபித்தாயிற்று. அவற்றில் இரண்டுக்கு மட்டும், கணினிகள் இவ்வளவு பாடுபட்டும், ஒரு காரணிகூட இன்னும் கிடைக்கவில்லை.