கோகோவின் கசப்பும் இதயத்தின் நலமும்

இருதய வியாதியும் இரத்தக் கொதிப்பும் பட்டணத்தாருக்கே உரியவை, வெயிலில் உழைக்கும் குடியானவரை அவை அணுகா என்னும் எண்ணம் கிராமங்களில் நெடுநாள் நிலைத்திருந்தது. இக்காலத்திற்கு அவ்வெண்ணம் பொருந்துவதன்று. ஏற்றம் இறைத்த கைகளுக்குப் பதிலாக மோட்டார் இறைக்கின்றது. ஏர் பூட்டிய வயலில் டிராக்டர் உழுகின்றது. உழைப்புக் குறைந்ததேயன்றி, உணவில் உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் குறைந்தபாடில்லை. இந்நிலையில், கோகோவிலுள்ள சில பொருள்கள் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் காக்கும் என்ற செய்தி பத்திரிகைகள் வாயிலாகவும் கடை விளம்பரங்கள் வாயிலாகவும் எங்கும் பரவி வருகின்றது. அதில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு, பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் நிலக்காரர்கள் அதை முன்னிட்டுச் செய்யத்தக்கது யாது என்பவை ஆராயத்தக்க விஷயங்களாம்.

கோகோ நம் நாட்டிற்கு முற்றிலும் புதிய பயிரன்று. 1798-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனைத் திருநெல்வேலிச் சீமையின் குற்றாலத்தில் நட்டுப் பார்த்தனர். எனினும் அது வியாபாரப் பயிராக ஓங்கியது 1960-ஆம் ஆண்டுகளுக்குப் பின்னரே. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக வளர்ந்து வருகின்றது.

கோகோ விதையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. எஞ்சிய பகுதியில் அமைந்த கசப்பும் துவர்ப்பும் கலந்த பொருள்களுள் ‘பிளாவனால்’ என்னும் இனம் முக்கியமானது. அவ்வினத்தில் எபிகேட்டகின் என்பது தலையாயது. இரத்தக் குழாயின் உட்புறத்தே மெல்லிய சவ்வொன்று உண்டு. அது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சிறுகச் சிறுகச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றது. குழாய் தளர்ந்தால் இரத்தம் இடர்ப்பாடின்றி ஓடும், அழுத்தமும் தணியும். இவ்வாயுவின் தொழிலை வெளிப்படுத்திய மூன்று அறிஞர்களுக்கு 1998-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. கோகோவின் பிளாவனால் அச்சுரப்பைத் தூண்டுகின்றது என்பதே அதன் நன்மைக்குக் கூறப்படும் காரணம்.

காரணம் பொருத்தமானதே, பலனின் அளவுதான் கவனிக்கத்தக்கது. 2017-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டத்தார், 1,800 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த 35 சோதனைகளை ஒருங்கே சீர்தூக்கினர். நாள்தோறும் சராசரி 670 மில்லிகிராம் பிளாவனால் உட்கொண்டவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறக்குறைய 2 புள்ளி குறைந்தது. முன்னரே இரத்தக் கொதிப்புள்ளவர்களுக்கு மேல் அழுத்தம் ஏறக்குறைய 4 புள்ளி குறைந்தது. இச்சோதனைகள் சில வாரங்களே நடந்தவை. அமெரிக்காவில் 21,442 முதியோரிடம் நடத்தி 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருஞ்சோதனையில், நாள்தோறும் 500 மில்லிகிராம் பிளாவனால் கொண்ட கோகோச் சத்து மாத்திரைகள் மூன்றரை ஆண்டு அளவிற்கு அளிக்கப்பெற்றன. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய யாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில், குறைவு ஐயமின்றி நிலைநாட்டப்படவில்லை. இருதய, இரத்தக் குழாய் வியாதிகளால் நேர்ந்த மரணம் மட்டும் நூற்றுக்கு 27 பங்கு குறைவாகக் காணப்பட்டது. இச்சோதனைக்குச் சாக்லெட் உற்பத்தி செய்யும் மார்ஸ் கம்பெனியின் உதவியும் இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம். ஆகவே, கோகோவில் நன்மை உண்டு, ஆனால் அது சிறிது. மருந்தின் இடத்தைக் கோகோ பெறாது என்பதே நடுநிலையாளர் கூறத்தக்க முடிவாகும்.

அச்சிறு நன்மையும் கடையில் விற்கும் இனிப்புக் கட்டியில் கிட்டுவது அரிது. கோகோ விதையைப் புளிக்க வைக்கையிலும் வறுக்கையிலும் பிளாவனாலின் பெரும்பகுதி அழிகின்றது. கசப்பை மாற்றவும் நிறத்தைக் கருக்கவும் காரப்பொருள் சேர்க்கும்போது எஞ்சியதிலும் பெரும்பங்கு போய்விடுகின்றது. பின்னர்ச் சர்க்கரையும் பாலும் கொழுப்பும் சேர்கின்றன. சுருங்கக்கூறின், கசப்பே மருந்து. அக்கசப்பை நீக்கிய பின்னரே அது தின்பண்டமாகின்றது. அமெரிக்க சர்க்காரின் உணவு, மருந்து நிர்வாகம் 2023-ஆம் ஆண்டில், பிளாவனால் நூற்றுக்கு 4 பங்கேனும் உள்ள கோகோத் தூளுக்கு மட்டுமே இதய நலத்தைக் குறித்து எழுத இடமளித்தது. அதிலும் ஆதாரம் மிகக் குறைவு என்று சேர்த்துக் கூறுமாறு விதித்தது. சாதாரணக் கோகோத் தூளுக்கும் சாக்லெட்டுக்கும் அச்சலுகை இல்லை. நீரிழிவுள்ள பெரியவர் ஒருவர் இதயத்தின் பெயரால் நாள்தோறும் இனிப்புக் கட்டி தின்பாராயின், அவர் தேடுவது நன்மையாயினும் அடைவது தீங்கே.

இனிச் சாகுபடியைக் கருதுவோம். கோகோவிற்கு ஆண்டில் 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் வரை மழை வேண்டும். அதுவும் மாதந்தோறும் பரவலாகப் பெய்தல் வேண்டும். ஈரக்காற்றும் நிழலும் இன்றியமையாதன. பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் சராசரி மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டருக்கு உட்பட்டதே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிப் பின்னர் நெடுங்கோடை நிலவுகின்றது. மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்குமிடத்தில் கோகோ நிற்காது. நீர்வளமுள்ள தென்னந்தோப்பு உடையவர் ஒருவர் இருவர் நிபுணர்களைக் கலந்து நட்டுப் பார்க்கலாம். மற்றையோர் விளம்பரத்தை நம்பிக் கடன்பட்டு நடுவது விவேகமாகாது.

தூரதேசத்துச் செடியில் தேடும் நன்மைக்குச் சமீபமான நன்மை இவ்விரு ஜில்லாக்களின் சொந்த நிலத்திலேயே விளைகின்றது. ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் பகுதிகளின் முந்திரி இதற்குத் தக்க உதாரணம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் நீரிழிவுள்ள 300 பேரைக் கொண்டு நடத்தி 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையில், உப்புச் சேர்க்காத முந்திரிப் பருப்பை நாளொன்றுக்கு 30 கிராம் வீதம் 12 வாரம் உண்டவர்களுக்கு மேல் இரத்த அழுத்தம் குறைந்தது. நல்ல கொழுப்பு உயர்ந்தது. உடல் எடை கூடவில்லை. கோகோவையும் முந்திரியையும் வளர்க்க மத்திய சர்க்கார் கொச்சியில் ஒரே இயக்ககத்தை வைத்திருப்பது இங்குக் குறிக்கத்தக்கது. அவ்விரண்டினுள் அரியலூர் மண்ணுக்கு உகந்தது எது என்பதை மண்ணே காட்டிவிட்டது. ஆயினும் விளைவிப்பவர் வீட்டில் பருப்பு உண்ணப்படுவது அருமை. கொட்டையாகவே மூட்டை கட்டி வியாபாரியிடம் போய்விடுகின்றது. பெரம்பலூர்ச் சீமையின் சின்ன வெங்காயத்தில் குவர்செட்டின் என்னும் பொருளும், வரகில் பாலிபீனால் என்னும் பொருள்களும் உள்ளன. இவையும் கோகோவின் பிளாவனாலுக்கு உறவான இனத்தவையே. இவற்றையும் மருந்தென்று கொள்ளலாகாது. நல்லுணவென்று கொள்வதில் தவறில்லை. தீட்டிய அரிசிக்குப் பதிலாக வாரத்திற் சில வேளை வரகுச் சோறு சமைப்பதில் செலவும் அதிகமில்லை.

யாவற்றினும் முதன்மையானது உப்பு. ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்ற பழமொழி உப்பை மிகுத்து உண்ண அனுமதியளிப்பதன்று. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் வழியே அவ்வளவைக் கடப்பது வெகு எளிது. அவற்றைக் குறைப்பதால் வரும் அனுகூலம் கோகோவால் வருவதற்குக் குறைந்ததன்று, செலவோ சிறிதுமில்லை.

இரத்தக் கொதிப்பு முன்னறிவிப்பின்றி வருவது; தலைவலிகூட இல்லாமலே பக்கவாதத்தில் கொண்டு விடுவது. அளந்து பார்த்தாலன்றி அது வெளிப்படாது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி இதற்கான மாத்திரைகள் இலவசமாக இல்லம் தேடி வருகின்றன. எனினும் உடம்பு சுகமாயிருக்கிறது என்று எண்ணி மாத்திரையை இடையில் நிறுத்துவோர் உண்டு. ஏதேனும் ஒரு தூளோ கட்டியோ அதற்கு ஈடாகும் என்ற பேச்சுப் பரவுமாயின் அவ்வழக்கம் வலுக்கும். கோகோப் பிரசாரத்தால் நேரக்கூடிய மெய்யான அபாயம் இதுவே.

ஆதலின் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கிராம சபை கூடும்போது 30 வயது கடந்தோர் யாவரும் இரத்த அழுத்தத்தை அளந்து கொள்ளுமாறு தூண்டுதல் வேண்டும். பயிரைக் குறித்த ஐயங்களை வாலிகண்டபுரம், சோழமாதேவி ஆகிய இடங்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டறியலாம். விளைந்த முந்திரியில் ஒரு படியேனும் வீட்டிற்கென எடுத்து வைத்து, உப்புக் கையைச் சற்றே இறுக்கி, வைத்தியர் தந்த மாத்திரையைத் தவறாது உண்ணும் குடும்பத்திற்குக் கோகோ கிட்டாததால் குறையொன்றும் இல்லை.