உங்கள் நலம்: மூளைக்குக் காந்த சிகிச்சை – பயப்பட வேண்டுமா?

கண்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை கல்யாணம் முடித்து மெல்பேர்னில் வாழ்கிறார். இரண்டாவது பிள்ளை பிறந்த பின் தொடங்கிய மனச்சோர்வு இரண்டு வருடமாகியும் விடவில்லை. இரண்டு வகைக் குளிசைகள் குடித்துப் பார்த்தாயிற்று; உளவள ஆலோசனைக்கும் போய் வந்தாயிற்று. இப்போது வைத்தியர் காந்த சிகிச்சை செய்வோம் என்கிறாராம். உம்மாவோ, "என்ட மகள்ட தலைக்குக் கரண்ட் வைக்க விட மாட்டன்" என்று அழுகிறார். தங்கையும் குழம்பிப் போயிருக்கிறார்.

சகோதரி, முதலில் உம்மாவின் பயத்தைப் போக்குவோம். அவர் நினைப்பது மின் அதிர்ச்சி சிகிச்சையை. அதில் நோயாளியை மயக்கி, சிறு வலிப்பை உண்டாக்குவார்கள். கடும் நோய்க்கு அதுவும் நல்ல சிகிச்சையே. ஆனால் இது வேறு. மயக்க மருந்து இல்லை, ஊசி இல்லை. தலையின் இடது முன்பக்கத்தில் ஒரு கம்பிச் சுருளை வைப்பார்கள். அதில் எழும் காந்தத் துடிப்புகள் மண்டையோட்டைக் கடந்து, மனநிலையோடு தொடர்புள்ள மூளைப் பகுதியைத் தூண்டும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கர் குழுவினர் 1985இல் இம்முறையை வெளிப்படுத்தினர். மனச்சோர்வுக்கென அமெரிக்கா 2008இல் அனுமதி வழங்கியது. அவுஸ்திரேலிய அரசின் மெடிகெயார் திட்டம் 2021 நவம்பர் முதல் இதற்குப் பண உதவி தருகிறது. குளிசைகளால் குணமடையாத, 18 வயது நிறைந்தவர்களுக்கே இவ்வுதவி.

முதல் நாள் சற்று நேரம் எடுக்கும். கைவிரல் துடிக்கும் அளவைப் பார்த்து, அவரவருக்கு ஏற்ற வலுவைத் தீர்மானிப்பார்கள். பிறகு சாய்வு நாற்காலியில் விழித்தபடி இருக்க வேண்டியதுதான். மரங்கொத்தி கொத்துவது போல 'டக் டக்' என்ற சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். ஒரு தடவைக்கு 20 முதல் 40 நிமிடம். புதிய முறையொன்றில் மூன்று நிமிடமே. கிழமைக்கு ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு கிழமைகள் போக வேண்டும். முடிந்ததும் வீட்டுக்கு வந்து வழமையான வேலைகளைச் செய்யலாம்.

முக்காட்டுக்குக் குத்தும் ஊசி, கிளிப், தோடு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பெண் ஊழியர் வேண்டுமென முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. ரமழானில் சிகிச்சை வந்தால், நோன்பு பற்றியும் ஸஹருக்கு எழும்புவது பற்றியும் வைத்தியரிடம் சொல்லட்டும். தூக்கக் குறைவு வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும்.

தலைவலியும், சுருள் வைத்த இடத்தில் நோவும் சகஜம். முதல் கிழமைக்குப் பின் பெரும்பாலும் குறையும். வலிப்பு மிக அரிது. முன்பு வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப்போ செவிக் கருவியோ பொருத்தியவர்கள், இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் இவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல் அடைத்திருந்தால் பரவாயில்லை.

பலன்? எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஏறத்தாழப் பாதிப்பேர் நன்றாகத் தேறுகிறார்கள். மூன்றில் ஒருவருக்கு நோய்க்குறிகள் அநேகமாக நீங்கிவிடுகின்றன. சிலருக்குப் பின்னர் நோய் திரும்பலாம். அப்போது மீண்டும் செய்யலாம். கவனியுங்கள்: முதல் இரண்டு கிழமைகளில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். "இதுவும் சரிவரவில்லை" என்று பலர் சோர்வது அப்போதுதான். மாற்றம் மூன்றாம், நான்காம் கிழமையில்தான் தலைகாட்டும். நோயாளிக்கு முன் வீட்டாருக்கே அது தெரியும்: நேரத்துக்குத் தூங்குவார், பிள்ளையோடு சிரிப்பார். வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் போன்ற எண்ணம் வந்தால், அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே வைத்திய உதவி நாட வேண்டும்.

மனச்சோர்வுள்ள ஒருவருக்குக் கிழமைக்கு ஐந்து நாள் உடுத்துப் புறப்படுவதே மலை போன்ற காரியம். ஆகவே, கணவர் வேலை நேரத்தை மாற்றிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். உம்மாவிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். பிறகு அழுகையை விட்டு, ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில், "மகள், இண்டைக்கும் போய் வந்தீங்களா?" என்று அவர் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி உங்கள் தங்கையை அடுத்த நாளும் எழும்பிப் போகவைக்கும்.