பிளாட்பாரத்துல சைக்கிள் ஓட்டலாமா? பையனைத் திட்டுறதுக்கு முன்னாடி ரோட்டைப் பாருங்க!



போன மாசம் காலையில பால் வாங்கப் போன எங்க ஆயாவை பிளாட்பாரத்துல ஒரு சைக்கிள் இடிச்சிடுச்சு. கீழே விழுந்து கையை ஊன்றினதுல மணிக்கட்டுல விரிசல். மூணு வாரம் மாவுக்கட்டு. ஓட்டிட்டு வந்தவன் ப்ளஸ் ஒன் பையன். பள்ளிக்கூடத்துல கொடுத்த விலையில்லா சைக்கிள். சீட்டுல சுத்தின பிளாஸ்டிக் கவரைக் கூட இன்னும் பிரிக்கல.

நான் ஓடிப் போய்ப் பார்த்தா, அவன் ஆயாவை டீக்கடை பெஞ்சுல உட்கார வச்சு, தண்ணி வாங்கிக் கொடுத்துட்டு அழுதுகிட்டு நிக்கிறான். எனக்கு வந்த கோவத்துல, "பிளாட்பாரம் என்ன உனக்கு ரோடாடா?"ன்னு கத்திட்டேன். அவன் ரோட்டைத்தான் கை காட்டினான். தண்ணி லாரி. அதை ஒட்டி பஸ். ஓரத்துல வரிசையா நிறுத்தி வச்ச கார். சைக்கிளுக்கு ஒரு அடி இடம் கூட இல்லை.

"விட்றா, அவன் மட்டும் எங்க போவான்"னு ஆயாதான் சொன்னாங்க.

அன்னையிலருந்து இதை யோசிச்சுக்கிட்டே இருக்கேன். சென்னை மாதிரி ஊர்ல சைக்கிளை நடைபாதையில அனுமதிக்கலாமா?

என் கருத்து: பெரியவங்க ஓட்டுற சைக்கிளை அனுமதிக்கக் கூடாது. 12 வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். ஆனா "இறங்கு"ன்னு சொல்றதோட நிறுத்தினா அது அநியாயம். இறங்கி எங்க போறதுன்னும் நாமதான் சொல்லணும்.

ஏன் கூடாது? கொஞ்சம் கணக்கு போடலாம். (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உதவட்டும் 😄)

👉 நடக்கிறவர் வேகம் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர். சைக்கிள் சாதாரணமா 15. வேகம் மூணு மடங்குன்னா, எடை ஒண்ணா இருந்தாலே, மோதுற சக்தி ஒன்பது மடங்கு. வயசானவங்க எலும்பு அதைத் தாங்காது.

👉 இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி நடைபாதையில தடையில்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் இருக்கணும். நம்ம ஏரியாவுல டிரான்ஸ்பார்மர், ஈபி பில்லர் பாக்ஸ், மரம், கடை போர்டு எல்லாம் போக மிச்சம் எவ்வளவுன்னு ஒரு தடவை டேப் வச்சு அளந்து பாருங்க. சைக்கிள் ஹேண்டில்பாரே 60 சென்டிமீட்டர். எதிர்ல ஒரு வீல்சேர் வந்தா ரெண்டுல ஒண்ணுதான் போக முடியும்.

👉 பிளாட்பாரம் சைக்கிள்காரருக்கும் பாதுகாப்பு இல்லை. வீட்டு கேட்லருந்து கார் எடுக்கிறவர், நடந்து வர்றவரை எதிர்பார்த்துதான் மெதுவா எட்டிப் பார்ப்பார். அந்த நேரத்துல மூணு மடங்கு வேகத்துல சைக்கிள் வந்தா அவர் கண்ணுக்குப் படுறதுக்குள்ள மோதிடும். தெரு முனையிலும் இதே கதைதான்.

"சிங்கப்பூர்ல விடுறாங்களே"ன்னு சில நண்பர்கள் கேட்பாங்க. உண்மைதான். அங்க நடைபாதையில சைக்கிள் போகலாம், ஆனா மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது. மின்சார ஸ்கூட்டரையும் முதல்ல விட்டாங்க, 2019 நவம்பர்ல தடை பண்ணிட்டாங்க. இவ்வளவு ஒழுங்கா நடைபாதை இருக்கிற ஊரே அதோட நிக்காம, 2030-க்குள்ள சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை வேணும்னு திட்டம் போட்டு கட்டிக்கிட்டு இருக்கு. ஜப்பான்ல 13 வயசுக்குக் கீழ உள்ளவங்களும் 70 வயசு ஆனவங்களும் நடைபாதையில ஓட்டலாம், மெதுவா. மத்தவங்களுக்குப் பொதுவிதி சாலைதான். குழந்தைகளுக்கு விலக்கு கொடுக்கலாம்னு நான் சொல்றதும் இதைப் பார்த்துத்தான். எட்டு வயசுப் பொண்ணை தண்ணி லாரிக்குப் பக்கத்துல ஓட்டச் சொல்ல எந்த அப்பா அம்மாவுக்கும் மனசு வராது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல இன்னைக்கு யார் சைக்கிள் ஓட்டுறாங்க? விடியக்காலை பேப்பர் போடுற தம்பி. கேன்ல டீ கட்டிக்கிட்டு ஆபீஸ் வாசல் வாசலா போற அண்ணன். நைட் டியூட்டி முடிச்சுட்டு வர்ற வாட்ச்மேன் ஐயா. கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி. ப்ளஸ் ஒன் பசங்க. பிளாட்பாரத்துல யார் நடக்கிறாங்க? பஸ்ஸுக்குப் போறவங்க, வீட்டு வேலைக்குப் போற அக்காங்க, எங்க ஆயா மாதிரி பெரியவங்க. ரெண்டு பக்கமும் நம்ம ஜனங்கதான். இவங்க ரெண்டு பேரையும் நாலடி இடத்துல மோத விட்டுட்டு, மிச்ச ரோடு முழுக்க வண்டிக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்.

பிளாட்பாரத்துல உண்மையிலேயே பயமுறுத்துறது பைக். சிக்னல்ல நாலு வண்டி நின்னா போதும், அஞ்சாவது ஆள் பிளாட்பாரத்துல ஏத்திடுறார். நடந்து போறவங்களைப் பார்த்து ஹாரன் வேற! நடைபாதையில மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாதுன்னு சாலை விதி தெளிவாவே இருக்கு. தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சைக்கிள் பையனைத் திட்டுற நாம, பைக்காரரைக் கண்டா ஒதுங்கி வழி விடுறோம். ஏன்?

சைக்கிளுக்கு இடம் எங்கருந்து வரும்னு கேட்கலாம். இடம் இருக்கு. ஓரமா நிறுத்தி வச்ச ஒரு கார் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் அகலத்தை அடைக்குது. ஒரு வழி சைக்கிள் பாதைக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதே ரெண்டு மீட்டர்தான். முதல்ல பெரிய சாலைகள்ல, ஒரு பக்கத்து பார்க்கிங்கை எடுத்துட்டு, நடுவுல தடுப்பு வச்சு, பள்ளிக்கூடம், ரயில் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டை இணைச்சு ஆரம்பிக்கலாம். வெறும் பெயின்ட் கோடு போட்டா மறுநாளே அதுல கார் நிக்கும். தடுப்பு கட்டாயம்.

இது புது யோசனையும் இல்லை. நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமைன்னு சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை ஏற்றுக்கொண்டது. 2019-ல பாண்டி பஜார்ல நடைபாதையை அகலப்படுத்தினப்போ "வியாபாரம் படுத்துடும்"னு சொன்னாங்க. இன்னைக்கு அங்க போய்ப் பாருங்க, குடும்பம் குடும்பமா நடக்கிறாங்க. இருபது வருஷத்துக்கு மேலா பசங்களுக்கு சைக்கிள் கொடுக்கிற மாநிலம் இது. பெருமையான விஷயம். அந்த சைக்கிளை ஓட்டப் பாதையும் கொடுத்தாத்தான் அந்தத் திட்டம் முழுசாகும்.

கடைசியா நமக்குள்ள ஒரு விஷயம். கோவப்படாதீங்க. பிளாட்பாரத்தை அடைக்கிறதுல நாமும் இருக்கோம். கூட்டம்னா பேனர், வரவேற்பு வளைவு, வரிசையா பைக். எந்தக் கட்சியும் இதுக்கு விலக்கு இல்லை. அடுத்த நிகழ்ச்சியிலருந்து பிளாட்பாரத்துல ஒரு குச்சி கூட நட மாட்டோம்னு நம்ம வட்டத்துலயே முதல்ல முடிவெடுப்போம். அப்போதான் மத்தவங்களைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

உடனே செய்யக்கூடியது மூணு:

✅ உங்க தெருவுல பிளாட்பாரம் அகலத்தை அளந்து, போட்டோவோட உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட கொடுங்க. ஏரியா சபைக் கூட்டத்துல எழுந்து கேளுங்க.

✅ ஆக்கிரமிப்பு, உடைஞ்ச நடைபாதைன்னா சென்னை மாநகராட்சி 1913-க்கு போன் பண்ணிப் புகார் எண் வாங்குங்க.

✅ பிளாட்பாரத்துல சைக்கிள் ஓட்டுற தம்பி தங்கச்சியைப் பார்த்தா, "ஆள் வந்தா இறங்கி உருட்டிட்டுப் போ கண்ணு"ன்னு அன்பா சொல்லுங்க.

ஆயாவுக்குக் கட்டு பிரிச்சாச்சு. அந்தப் பையன் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போனான். இப்பவும் அதே பிளாட்பாரத்துலதான் போறான், ஆள் வந்தா இறங்கி உருட்டிக்கிட்டு. ரோட்டுல அவனுக்கு இன்னும் இடம் வரல. 🚲

#நடைபாதை_நடப்பவருக்கே
#சைக்கிளுக்குத்_தனிப்பாதை