மூச்சைக் கடனாக வாங்க முடியாது

இரண்டு வருடங்களுக்கு முன்னர் மாணிக்கக்கல் வியாபார விடயமாக எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குச் சென்றிருந்தேன். கல் வியாபாரத்தில் இருக்கும் எம்மவர்களுக்கு ஆபிரிக்கா புதிய இடமல்ல. 1998இல் மடகஸ்காரின் இலக்ககாவில் நீலக்கல் கிடைத்த செய்தி பரவியபோது அங்கு விரைந்தவர்களில் இலங்கையரும் இருந்தனர். எத்தியோப்பியாவின் வொல்லோ பிரதேசத்தில் 2008இல் ஓப்பல் கற்களும், 2016இல் நாட்டின் வடக்கே நீலக்கற்களும் கிடைக்கத் தொடங்கிய பின்னர் எம்மவர் பார்வை அப்பக்கமும் திரும்பியது.

நான் போய் இறங்கிய மறுநாள் காலை, ஹோட்டலுக்கு அருகில் 5 கிலோமீற்றர் ஓட்டப் போட்டியொன்று நடைபெறுவதாக அறிந்தேன். கொழும்பில் வாரத்தில் நான்கு நாட்கள் காலி முகத்திடலில் ஓடுபவன் நான். 5 கிலோமீற்றரை 28 நிமிடங்களில் முடித்து விடுவேன். ஆசை விடவில்லை. "இன்றைக்கு வேண்டாம், இரண்டு நாள் நடந்து பழகுங்கள்" என்று அங்குள்ள வியாபார நண்பர் சொன்னார். ஐந்து கிலோமீற்றர்தானே என்று சிரித்துவிட்டுப் போனேன்.

முதலாவது கிலோமீற்றரை கொழும்பு வேகத்திலேயே ஓடினேன். இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் நெஞ்சு அடைத்து, தலை கனத்து, வீதியோரம் குந்தி விட்டேன். பாடசாலைப் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டே என்னைக் கடந்து ஓடினார்கள். மீதித் தூரத்தை நடந்தே முடித்தபோது 41 நிமிடங்கள் கடந்திருந்தன.

காரணம் எளிமையானது. கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. அடிஸ் அபாபாவோ சுமார் 2,350 மீற்றர் உயரத்தில், எமது நுவரெலியாவை விடவும் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் கால்வாசி குறைகிறது. உடம்பு இதற்கு ஈடாகச் செங்குருதிக் கலங்களைப் பெருக்கிக் கொள்ளும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் செல்லும். ஒரே இரவில் நடக்கிற காரியமல்ல.

இதில் பாடம் படித்திருக்க வேண்டும். நான் படிக்கவில்லை. அடுத்த நாளே தலைவலியோடு கல் வாங்கப் போனேன். ஒரு வியாபாரி வெட்டித் தீட்டிய ஓப்பல் கற்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்தார். தராசில் போட்டோம், கரட் கணக்கில் விலை பேசினோம், ஒரு மணித்தியாலத்தில் காரியம் முடிந்தது. வொல்லோ ஓப்பல் தண்ணீரை உறிஞ்சும் தன்மையுள்ளது என்பதையும், உறிஞ்சினால் பாரம் கூடித் தோற்றமும் மாறும் என்பதையும் நான் கேட்டறியவில்லை. நீலக்கல்லும் வைரோடியும் பார்த்துப் பழகிய கண்ணை நம்பிவிட்டேன். கொழும்பில் கற்கள் உலர்ந்தபின் மீண்டும் நிறுத்தபோது பாரம் குறைந்திருந்தது. பணத்தில் பாதி என் பங்காளியுடையது. "கல்லுக்கா தம்பி காசு குடுத்தீங்க, தண்ணிக்கா?" என்று அந்த நானா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. விற்றவரை நான் குறை சொல்லவில்லை. அவசரம் என்னுடையது.

"முந்தியவனுக்கே சரக்கு, யோசித்துக் கொண்டிருந்தால் மற்றவன் கொண்டு போய்விடுவான்" என்று சிலர் வாதிடலாம். அதிலும் உண்மை உண்டு. 1968இல் சுமார் 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. மெல்லிய காற்றில் எதிர்ப்புக் குறைவு என்பதால் குறுந்தூர ஓட்டக்காரர்கள் பயனடைந்தனர். ஜிம் ஹைன்ஸ் 100 மீற்றரை 9.95 விநாடிகளில் ஓடினார். 10,000 மீற்றரிலோ கதை வேறு. 27 நிமிடங்கள் 39 விநாடிகள் என்ற உலக சாதனையைக் கையில் வைத்திருந்த அவுஸ்திரேலியர் ரொன் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். வென்ற கென்யாவின் நப்தாலி தெமுவுக்கும், இரண்டாமிடம் பெற்ற எத்தியோப்பியாவின் மாமோ வோல்டேக்கும் உயரமான நிலம் பிறந்த வீடு. அவர்களுக்கே 29 நிமிடங்களுக்கு மேல் சென்றது.

வியாபாரமும் இப்படித்தான். தெரிந்த சரக்கை, கைக்காசு கொடுத்து, ஒரே மூச்சில் வாங்கி விற்பது 100 மீற்றர் ஓட்டம். அதற்கு வேகம் போதும். புதிய நாட்டில், தெரியாத சரக்கில், பின்திகதியிட்ட காசோலையையும் பங்காளியின் பணத்தையும் நம்பிச் செய்வது நீண்ட ஓட்டம். அதிலே முதல் கிலோமீற்றரில் செலவழித்த மூச்சை மூன்றாவதில் திரும்ப எடுக்க முடியாது.

எனவே வெளிநாட்டுச் சந்தைக்குப் புறப்படும் எமது இளைஞர்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். முதல் சில நாட்கள் பாருங்கள், கேளுங்கள், வாங்காதீர்கள். அந்த நாட்களின் ஹோட்டல் செலவை நட்டமாக எண்ண வேண்டாம், அதுவும் முதலீடுதான். இரண்டாவது, சரக்கின் குணத்தை அந்த ஊரவரிடமே கேட்டறியுங்கள். கேட்பதால் மரியாதை குறைந்து விடாது. மூன்றாவது, கொண்டு போன பணம் முழுவதையும் முதல் பயணத்திலேயே போட்டு விடாதீர்கள்.

உயரமான ஊருக்குப் போய் ஓடவும் விரும்புபவர்கள், குறிப்பாக சீனி வருத்தமோ பிரஷரோ நெஞ்சு வருத்தமோ உள்ளவர்கள், முதலில் வைத்தியரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

அதே பயணத்தின் எட்டாம் நாள் அதே வீதியில் மீண்டும் ஓடினேன். மெதுவாகத் தொடங்கினேன். 34 நிமிடங்கள் சென்றது. ஆனால் ஓரிடத்திலும் குந்தவில்லை.