வெள்ளையா இருந்தா எல்லாம் ஒரே கொக்கா?

சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல நின்னு கூவத்தை வேடிக்கை பாத்துட்டு இருந்தேன். கரையில வெள்ளையா நாலு பறவை. பக்கத்துல ஒரு பெரியவர், "பாத்தீங்களா தம்பி, கொக்கெல்லாம் வருது, ஆறு சுத்தமாயிடுச்சு"ன்னார்.

அங்கதான் மக்களே எனக்கு உதைக்குது. அலகு மஞ்சளா, கழுத்து குட்டையா இருந்தா அது உண்ணிக்கொக்கு. மாட்டுக்குப் பின்னாடியும் குப்பைமேட்டிலும் பூச்சி பொறுக்கும். ஆறு எப்படி இருந்தா அதுக்கென்ன? இனப்பெருக்க காலத்துல தலையும் கழுத்தும் காவி நிறமாயிடும். அலகும் காலும் கறுப்பா, பாதம் மட்டும் மஞ்சளா இருந்தா சின்னக்கொக்கு. அது ஆழமில்லாத தண்ணியில இறங்கி, காலால சேத்தைக் கலக்கி, பதறி ஓடற மீனைக் கொத்தும்.

அன்னிக்கு நின்ன நாலும் மஞ்சள் அலகு, குப்பையில மேய்ஞ்சுட்டு இருந்துச்சு. சின்னக்கொக்கே வந்தாலும் அவசரப்படக் கூடாது, அழுக்குத் தண்ணியைத் தாங்குற மீனும் உண்டு.

கொக்கைப் பாத்து நாம திருப்தியாயிட்டா, கூவத்துல கலக்குற சாக்கடையைப் பத்தி யார் கேப்பா? அடுத்த தடவை தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அலகையும் பாதத்தையும் ஒரு பார்வை பாத்துடுங்க.