கண்ணு அங்க ஏன் போச்சு?

போன செமஸ்டர் பரீட்சையில் நடந்த கதை இது. மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வரிசைப் பையனின் ஸ்டீல் ஸ்கேல் 'டங்'கென்று கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். சூப்பர்வைசர் நேராக என்னிடம் வந்து, "கண்ணு ஏன் அங்க போகுது?" என்று பேப்பரை வாங்கிக்கொண்டு முதல் வரிசைக்கு மாற்றிவிட்டார். பத்து நிமிஷம் போச்சு, மானமும் போச்சு. அவர் கேட்டது மட்டும் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. நிஜமாகவே, ஏன் போச்சு? (கோபம் வந்தால்தான் எனக்குப் படிப்பு ஏறும்.)

நம் கண் வினாடிக்குச் சுமார் மூன்று தடவை தாவுகிறது. இந்தத் தாவலுக்கு சாக்கேட் என்று பெயர். ஓரத்தில் ஏதாவது சட்டென்று தோன்றினால் கிட்டத்தட்ட 200 மில்லிசெகண்டில் கண் அங்கே போய் நிற்கும். நடுமூளையில் இருக்கும் சுபீரியர் காலிகுலஸ்தான் இதில் முக்கியமான ஆள். யாரையும் அனுமதி கேட்காது.

1978ல் ஹாலெட் என்பவர் ஒரு குறும்பான சோதனை செய்தார். திரையில் ஒரு புள்ளி தோன்றும். அதைப் பார்க்காமல், நேர் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கேட்க ஈஸி. செய்து பாருங்கள், நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே கண் அவ்வப்போது புள்ளிப் பக்கம் ஓடிவிடும். சில சமயம் ஓடியதே தெரியாது! சின்னப் பிள்ளைகள் இன்னும் அதிகமாகத் தப்பு செய்வார்கள். 1985ல் கிட்டனும் அவர் குழுவும், வலிப்பு நோய்க்காக முன்மூளையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்களைச் சோதித்தார்கள். கண்ணை அடக்க அவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் சிரமப்பட்டார்கள், அதைக் கவனியுங்கள்.

உடனே "நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் பிரேக்" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. 1989ல் ஃபுனஹாஷி, புரூஸ், கோல்ட்மன்-ராகிக் மூவரும் குரங்குகளிடம் ஒரு புள்ளியைக் காட்டி மறைத்துவிட்டு, சில வினாடி கழித்து அந்த இடத்தைப் பார்க்கச் செய்தார்கள். புள்ளி போன பிறகும் முன்மூளை நியூரான்கள் சில அந்த இடத்துக்காகவே துடித்துக்கொண்டிருந்தன. அது பிரேக் இல்லை, ஞாபகம். 2000ல் எவர்லிங்கும் முனோஸும் இன்னொன்றைக் காட்டினார்கள். எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டிய சுற்றில், முன்மூளையில் கண்ணை நகர்த்தும் பகுதியின் தாவல் நியூரான்கள் புள்ளி வருவதற்கு முன்பே அடங்கியிருந்தன. ஆக, சண்டையில் பாதி புள்ளி வருவதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. விதியை முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தால் கண் நிற்கும், இல்லாவிட்டால் ஓடும்.

ஸ்கேல் விழப்போகிறது என்று நான் எந்த விதியைப் பிடித்து வைத்திருப்பது, சொல்லுங்கள்?

அப்ப காப்பி அடிக்கிறவனை விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். முதல் பார்வையை விட்டுவிட்டு, கண் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறதா, போன இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மேலே வலப்பக்கம் பார்த்தால் பொய் என்கிற கதையையெல்லாம் நம்பி ஆளை எடை போடாதீர்கள். அதை 2012ல் வைஸ்மன் குழு சோதித்துப் பார்த்துவிட்டது, ஆதாரம் கிடைக்கவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேல் விழுந்த பிறகு நான் இரண்டாவது தடவையும் பார்த்தேன். அது காலிகுலஸ் இல்லை, நான்தான். ஆனால் பார்த்தது அவன் பேப்பரை இல்லை சார், அவன் முழியை.