குரல் வாயிலிருந்துதான் வர வேண்டும்

நம் வயதுக்காரர்களுக்கு வீட்டில் தாராளமாகக் கிடைக்கும் பட்டம் ஒன்று உண்டு: "தாத்தாவுக்குக் காது மந்தம்." இதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி ஸ்பீக்கரை வைத்த இடத்தின் குற்றம்.

இப்போது நம் புதுச்சேரியில் மாடி கட்டும் பிள்ளைகள் ஒரு அறையை ஹோம் தியேட்டர் ஆக்குகிறார்கள். 120 அங்குலத் திரை, அகலம் 8.5 அடிக்கு மேல், உயரம் ஏறக்குறைய 5 அடி. பணம் முழுக்கப் படத்துக்குப் போகிறது. வசனம் பேசும் ஸ்பீக்கரைத் தரையிலோ கூரையிலோ செருகிவிடுகிறார் கடைக்காரர். கதாநாயகி திரையில் அழுகிறாள். குரல் நம் கால்மாட்டிலிருந்து வருகிறது.

பேசும்படம் வந்த சில ஆண்டுகளிலேயே சினிமாக்காரர்கள் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். திரை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் அளவில் பொடிப்பொடி ஓட்டைகள். ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால். தூரத்தில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு ஓட்டை தெரியாது. குரல் மட்டும் முகத்திலிருந்தே வரும். கொட்டகையில் இத்தனை காலமாக நடப்பது வீட்டில் மட்டும் ஏன் ஆகாது?

"கண் பார்க்கும் வாயிலிருந்தே குரல் வருவதாகக் காது நம்பிவிடும் சார்" என்பார்கள். உண்மைதான். பொம்மையைப் பேச வைக்கும் வித்தைக்காரனை, பிரெஞ்சில் வாந்த்ரிலோக் என்போமே, அவனைப் பிழைக்க வைப்பதே அந்த ஏமாற்றுதான். சின்ன டிவிக்கு அது போதும். பெரிய திரைக்கு இருபுறமும் ஸ்பீக்கர் வைத்து வசனத்தைப் பிரித்துக் கொடுத்தால், நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே குரல் நடுவில் கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டிதான் பேசும். வீட்டில் நடு நாற்காலி யாருக்கு? பேரனுக்கு. ஓரத்து ஈஸிச்சேர் யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

வயது முதலில் பறிப்பது கீச்சு ஒலிகளைத்தான். ச, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுபவை அவையே. 'பட்டம்' என்றாரா, 'சட்டம்' என்றாரா என்று நாம் திணறுவது அதனால்தான். எங்கள் பள்ளியில் திக்தே நடக்கும்போது வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி வாசித்தால் கடைசி வரிசையில் பிழைகள் குவியும். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் ஒரே ஒரு மெய்யொலிதானே வித்தியாசம்! வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து குரல் நேராக வந்தால், குறைந்த காதுக்கும் பாதிச் சுமை இறங்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வினைல் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைத்தால் குரல் அடைபடும். ஒலி புகும் திரையே வேண்டும். ஓட்டைத் திரையில் புரொஜெக்டரின் புள்ளிகளும் ஓட்டைகளும் மோதி அலை அலையாகக் கோடு தெரியலாம். வீட்டுக்கு நெய்த துணித் திரை நல்லது. வெளிச்சம் கொஞ்சம் குறையும். கீச்சு ஒலியும் சற்றுக் குறையும். அதை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்ளலாம். பின்னால் எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புகுந்த வெளிச்சம் திரும்பி வந்து படத்தைக் கெடுக்கும்.

இவை எல்லாம் கணக்குப் போட்டுச் சமாளிக்கக் கூடியவை. வசனம் புரியாமல் பாதிப் படத்தில் எழுந்து போகும் பெரியவருக்கு என்ன கணக்கு? "சத்தத்தைக் கூட்டிக்கிறேன் தாத்தா" என்பது மருந்தல்ல. கூடுவது அடிதடியும் பாட்டும்தான்.

ஆகவே, உங்கள் பிள்ளை அறை கட்டுகிறான் என்றால் வரைபடம் போடும்போதே திரைக்குப் பின்னால் ஒன்றரை அடி கேட்டு வாங்குங்கள். நடு ஸ்பீக்கர் நம் காது மட்டத்துக்கு வரட்டும். கடைக்காரர் "அதெல்லாம் யாரும் கேட்கிறதில்லை சார்" என்பார். கேட்பதற்கு நாம்தான் இருக்கிறோமே!